புல்லின் கீழ் வெடிக்கும் சோடியக் களிமண்: அதன் இயல்பும் பேணும் முறையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அண்டி நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் கைப்பழக்கத்தால் அறிந்த மண் சிவந்த மண்ணாகும். அது மழையை உறிஞ்சும், வெயிலிற் காயும், ஆயினும் கை நுழையும் அளவுக்குப் பிளப்பதில்லை. ஆகவே, கோடையில் ஆழமாக வெடித்து, மழையில் பசைபோலாகி, மேலே புல் மட்டும் அடர்ந்து கிடக்கும் கருங்களி நிலமொன்றை முதன்முறையாகக் காண்பவர் அதனை இரு விதமாகத் தவறாக மதிப்பிடுவதுண்டு. சிலர் அதனைப் பாழ்நிலமென ஒதுக்கிவிடுவர். வேறு சிலர் புல்லின் செழிப்பை நம்பி, கீழ்மண்ணை ஆழமாகப் புரட்டி, முதற்போகத்திலேயே விதைநெல்லையும் உழைப்பையும் இழப்பர்.

இவ்விரு பிழைகளும் தவிர்க்கக்கூடியவை. இம்மண் முறையறிந்து நடத்துவோருக்குப் பல போகங்களுக்கு நெல் தரவல்லது. முறையறியாது நடத்தினால், ஓர் ஆண்டிற் செய்த கேட்டைத் திருத்தப் பல ஆண்டுகள் செல்லும். அதன் இயல்பும், அதனை இனங்காணும் வழியும், திருத்திப் பேணும் முறையும் இங்கே கூறப்படுகின்றன.

இரு குணங்கள் கூடிய மண்

முதலில் தெளியவேண்டியது ஒன்றுண்டு. வெடித்தல் வேறு, சோடியத்தன்மை வேறு. வெடிக்கும் களிமண் யாவும் சோடிய மண் அல்ல. சோடிய மண் யாவும் வெடிப்பதுமில்லை. இரண்டும் ஒரே நிலத்திற் கூடும்போதே மிகுந்த இடர் தோன்றுகிறது.

வெடிப்புக்குக் காரணம் களியின் இனமாகும். களித்துணிக்கை என்பது கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தகடுகளின் அடுக்கு. சபரகமுவையின் சிவந்த மண்ணிற் பெரும்பாலும் உள்ள களி கயோலினைற்று வகையைச் சார்ந்தது. அதன் தகடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் இடையே நீர் புகுவதில்லை, மண் வீங்குவதுமில்லை. வெடிக்கும் கருமண்ணில் உள்ளதோ மொந்மொறிலோனைற்று முதலிய வகையாகும். அதன் தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. காயும்போது தகடுகள் மீண்டும் நெருங்குகின்றன. ஒரு வயல் முழுவதும் இவ்வாறு சுருங்கும்போது நிலம் பிளவாமல் வேறு வழியில்லை.

மண்ணியலார் இவ்வகை மண்ணுக்கு அளவுகோல் வைத்துள்ளனர். களி 30 சதவீதத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும்; ஆண்டின் ஒரு பகுதியில் ஆழ்ந்த வெடிப்புகள் தோன்றி மூடுதல் வேண்டும்; கீழ்மண்ணிற் கட்டிகள் ஒன்றன்மீதொன்று உராய்ந்து பளபளப்பான சாய்ந்த முகங்களைப் பெற்றிருத்தல் வேண்டும். இவ்வகை மண்ணை உலக வழக்கில் வேர்ட்டிசோல் என்பர். முன்னாளில் குருமுசோல் என்ற பெயரும் வழங்கியது. தமிழ்நாட்டில் கோவிற்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் மண் இவ்வினத்ததே.

சோடியம் விளைக்கும் கேடு

களித்தகடுகளின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் உண்டு. அது கல்சியம், மகனீசியம், பொற்றாசியம், சோடியம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டிருக்கும். கல்சியம் மிகுந்தால் துணிக்கைகள் ஒன்றுகூடிப் பொரிமணிகளாகத் திரளும். மணிகளுக்கிடையே காற்றும் நீரும் வேரும் செல்லும். சோடியம் மிகுந்தாலோ ஈரம் பட்டவுடன் துணிக்கைகள் ஒன்றைவிட்டொன்று விலகிப் பிரியும். பிரிந்த துணிக்கைகள் மண்ணின் சிறு துளைகளிற் சென்று அடைத்துக்கொள்ளும். அதன்பின் நீர் மேலே தேங்கிநிற்கும். ஒரு முழம் கீழே மண் காய்ந்தே கிடக்கும். காய்ந்தபின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, முளையை மேலெழ விடாது.

1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் றிவர்சைட் நகரில் உள்ள உவர்மண் ஆய்வுக்கூடம் வெளியிட்ட கைந்நூல் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. களி பற்றியிருக்கும் மூலகங்களிற் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்துக்கு மேற்பட்டால் அது சோடிய மண்ணாகும். அப்பொழுது மண்ணின் பீ.எச். பெரும்பாலும் 8.5இற்கு மேலிருக்கும். ஆனால் வீங்கும் களியில் இதற்குக் குறைந்த சோடியமே போதிய தீங்கு செய்யும். அவுஸ்திரேலியாவில் 6 சதவீதத்திலிருந்தே மண்ணைச் சோடிய மண் எனக் கொள்கின்றனர். மெதுவாக நீர் வடியும் கருங்களியில், பீ.எச். சற்றே உயர்ந்திருக்கும்போதே கமக்காரர் எச்சரிக்கை கொள்ளுதல் வேண்டும்.

உவர்மண்ணையும் சோடிய மண்ணையும் ஒன்றென எண்ணுதலும் ஆகாது. உவர்மண்ணில் கரையும் உப்பு மிகுதி. காயும்போது மேலே வெள்ளைப் பூப்பு படியும். நல்ல நீரால் கழுவினாற் பெரும்பாலும் திருந்தும். சோடிய மண்ணில் உப்பு மிகுதியன்று. களியைப் பற்றிய சோடியமே குற்றம். அதை வெறும் நீரால் கழுவினால் எஞ்சிய உப்பும் நீங்கி, துணிக்கைகள் முன்னிலும் மோசமாகப் பிரியும். மிகு காரமுள்ள இடங்களில் மண்ணின் உக்கல் கரைந்து மேலே வந்து, கரிய எண்ணெய் பூசியதுபோன்ற படலம் தோன்றும். அதனைக் கண்டு பசளைச் சத்து மிகுந்த மண்ணென நம்புதல் கூடாது.

சபரகமுவையில் இம்மண் உண்டா?

மலைப்புறத்தில் இல்லை. இரத்தினபுரி நகரப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றரையும் கடந்து மழை பெய்கிறது. இவ்வளவு நீர் ஆண்டுதோறும் ஊடுருவும் நிலத்தில் சோடியமும் கல்சியமும் தங்குவதில்லை. அவை களனி, களு கங்கைகளின் வழியே கடல் சேர்கின்றன. எஞ்சுவது இரும்பும் அலுமினியமும் மிகுந்த அமில மண். செம்மஞ்சள் பொட்சோலிக்கு என்று பெயர் பெற்ற இம்மண்ணின் பீ.எச். பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை நிற்கும். அதன் பள்ளத்தாக்கு வயல்களின் நோய் சோடியமன்று, இரும்பு நஞ்சே. வாய்க்காலோரம் துருநிற நீர் கசிதல், நீரின்மேல் எண்ணெய்போன்ற மினுக்குப் படலம் மிதத்தல், நெல்லின் அடியிலைகள் நுனியிலிருந்து செம்பழுப்பாதல் என்பன அதன் அறிகுறிகள்.

ஆனால் மாகாணம் முழுவதும் ஒரே காலநிலையுடையதன்று. பலாங்கொடையைக் கடந்து கல்தொட்டைப் பக்கமாக இறங்கினாலும், கொடகவெலையைக் கடந்து எம்பிலிப்பிட்டிக்குச் சென்றாலும் மழை குறைந்து, வறண்ட வலயம் தொடங்குகிறது. வளவை கங்கையை மறித்துக் கட்டிய உடவளவை நீர்த்தேக்கம் அங்கே உள்ளது. அதனைச் சூழ்ந்து 1972இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவில் கினிப்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன. இப்பகுதியின் மேட்டுநிலம் பெரும்பாலும் செங்கபில மண். தாழ்நிலத்தில் வடிகால் குன்றிய சாம்பல்நிறக் களிமண் காணப்படும். மழை குறைந்து, பாசனநீர் மிகுந்து, வடிகால் அடைபடும் தாழ்ந்த வெளிகளிலேயே சோடியம் தங்க வாய்ப்புண்டு. ஆகவே, எம்பிலிப்பிட்டிப் புறத்தில் நிலம் கொண்டோர் இவ்வறிவைப் பெற்றிருத்தல் பயனுடையது.

இன்னொரு காரணமும் உண்டு. 1977ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் தோட்டக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிற் குடியேறின. அவர்களின் உறவினர் சபரகமுவைத் தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர். சிவந்த மண்ணில் தலைமுறையாகப் பெற்ற அறிவு கருங்களி நிலத்தில் அப்படியே பொருந்தாது. தோட்டத்தில் தேயிலையைக் கவ்வாத்துச் செய்தபின் தொலமைற்று இட்டுப் பழகிய கை, வடக்கே கருமண்ணிலும் அதையே இட நாடும். அங்கே அது பணவிரயமாகவே முடியும்.

முருங்கன் தரும் பாடம்

இலங்கையில் வெடிக்கும் களிமண்ணுக்குச் சிறந்த உதாரணம் மன்னார் மாவட்டத்து முருங்கன் ஆகும். 1961இல் மூர்மன், பானபொக்கை ஆகிய இரு மண்ணியல் அறிஞர்கள் இலங்கை மண்வகைகளை வகுத்தபோது இம்மண்ணைக் குருமுசோல் என்ற தனி வகுப்பிற் சேர்த்தனர். அருவியாற்றின் நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பி, அக்குளத்தின் கீழ் இம்மண்ணில் நெல் விளைவிக்கின்றனர். நீரும் மண்ணறிவும் ஒருங்கு சேர்ந்தால் வெடிக்கும் களி நெல்லுக்கு உகந்த நிலமாகும் என்பதை இவ்வயல்கள் காட்டுகின்றன. நீரை இறங்கவிடாது தாங்கும் குணம் மரக்கறிக்குக் கேடு. நெல்லுக்கோ அதுவே துணை.

இந்தியாவில் உப்பாற் கெட்ட நிலம் ஏறத்தாழ 67 இலட்சம் எக்டயர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அதில் பாதிக்கு மேற்பட்டது சோடிய மண். தமிழ்நாட்டில் மட்டும் சோடிய நிலம் ஏறத்தாழ 3.5 இலட்சம் எக்டயர். 1969இல் அரியானா மாநிலத்துக் கர்னாலில் நிறுவப்பட்ட மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம், ஒரு புல்லும் முளையாதிருந்த நிலங்களை நெல்வயல்களாக்கும் முறையை வகுத்தது. வரம்பு உயர்த்தல், மேடுபள்ளம் நிரவல், மேல்மண்ணில் ஜிப்சம் கலத்தல், நீர் தேக்கி வடித்தல், முதற்பயிராக நெல் நடல் என்பதே அம்முறையின் வரிசை. வரிசை மாறினாற் பலன் இல்லை.

புல்வெளியின் உண்மை

சோடியக் களியில் மரம் வளராது புல் மட்டும் நிற்பதற்குக் காரணம் உண்டு. புல்லின் வேர் மேலுள்ள ஒரு சாணுக்குள் பெரும்பாலும் அடங்கும். மழைக்காலத்தில் எழுந்து பூத்து, கோடையிற் காய்ந்துறங்கும். மரத்தின் வேரோ ஆழ்ந்து செல்லவேண்டும். வீங்கிச் சுருங்கும் களி அவ்வேரை அறுக்கும். கீழே இறுகிய சோடியப் படை அதனைத் தடுக்கும். ஆகவே, மரமற்ற புல்வெளி என்பது கீழ்மண் நலமில்லை என்பதற்கு ஓர் அடையாளமாகவும் இருக்கலாம். ஹங்கேரி நாட்டின் ஹோர்ட்டோபாகிப் பெருவெளி இதற்கு உலகறிந்த உதாரணம். அங்கே சோடியக் களிமண்மீது பரந்த புல்வெளியை மக்கள் நெடுங்காலமாக மேய்ச்சலுக்கே பயன்படுத்தி வந்தனர். 1973 முதல் அது தேசியப் பூங்காவாகப் பேணப்படுகிறது.

புல் செய்யும் நன்மை பெரிது. அதன் நுண்வேர்கள் மேல்மண்ணை மணிமணியாகப் பிணைக்கின்றன. மடிந்த வேர்கள் உக்கலாகின்றன. வேர்கள் மூச்சுவிடும் காபனீரொட்சைட்டு மண்ணீரிற் கரைந்து மென்னமிலமாகி, மண்ணிலுள்ள சுண்ணாம்புக் கற்களைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கல்சியத்தை விடுவிக்கிறது. அக்கல்சியம் களியிலிருந்து சோடியத்தைப் பெயர்க்கிறது. கமக்காரர் செலவின்றிப் பெறும் மருந்து இது.

இம்மேற்படை ஒரு சாண் தடிப்புடையதே. கலப்பை அதனைக் கீழே புதைத்து, சோடியம் மிகுந்த அடிக்களியை மேலே கொணர்ந்தால், புல் பல ஆண்டுகளாகச் செய்த வேலை ஒரே நாளில் அழியும். புதிதாக மேல்வந்த களி முதல் மழையிற் சேறாகி, முதல் வெயிலில் ஓடாகும். செழித்த புல்லைக் கண்டு ஆழ உழுதவர் இழப்பது இவ்வாறே.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை

ஆய்வுகூடத்துக்கு மண் அனுப்புவதற்கு முன், செலவின்றிச் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அவுஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967இல் வகுத்த முறையைத் தழுவியது அது.

மேல்மண்ணில் ஒன்றும், ஓரடிக்குக் கீழ் ஒன்றுமாகப் பட்டாணிக்கடலை அளவான காய்ந்த மண்கட்டிகளை எடுத்தல் வேண்டும். இரு கண்ணாடிக் குவளைகளில் மழைநீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியை மெதுவாக இட்டு, அசையாது வைத்தல் வேண்டும். கிணற்று நீர் உதவாது. அதிலுள்ள உப்பு விடையை மாற்றிவிடும்.

சில மணி நேரத்தின் பின் பார்க்கும்போது, கட்டி உடைந்து சிறு துண்டுகளாக விழுந்தும் நீர் தெளிவாயிருந்தால் மண் சோடியத்தாற் கெட்டதன்று. கட்டியைச் சுற்றிப் பாற்புகைபோல் நீர் கலங்கினால் களி பிரிகிறது. சோடியம் உண்டென ஐயுறலாம். மறுநாளும் நீர் தெளியாது முழுவதும் பால்போல் நின்றால் ஐயம் வலுப்படும். மேல்மண் தெளிந்து கீழ்மண் கலங்கினால், அந்நிலத்தை ஆழ உழுதல் கூடாது என்பதே பொருள்.

சோதனை கலங்கலைக் காட்டினால், நிலத்தின் பத்து இடங்களில், 0-15, 15-30, 30-60 சதமமீற்றர் ஆழங்களில் மண் எடுத்து, ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனியே கலந்து, நிழலில் உலர்த்தி, கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியர் மூலம் ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். பீ.எச்., மின்கடத்துதிறன், மாற்றத்தகு சோடியம், மொத்தக் கற்றயன் மாற்றுக் கொள்ளளவு ஆகிய நான்கையும் கேட்டுப் பெறுதல் அவசியம். பீ.எச். மட்டும் தெரிந்தால் மருந்தின் அளவைக் கணிக்க இயலாது.

சுண்ணாம்பா, ஜிப்சமா?

பெருந்தவறு நேரும் இடம் இதுவே. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பும் தொலமைற்றும் மருந்து. அவை அமிலத்தைப் போக்குகின்றன. சோடியக் களியில் அமிலமில்லை, பீ.எச். ஏற்கெனவே உயர்ந்துள்ளது. அங்கே சுண்ணாம்பு பெரும்பாலும் கரையாது கிடக்கும். கரையாத கல்சியத்தாற் பயனில்லை.

ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்று. அது மண்ணின் காரத்திலும் கரையும். அதன் கல்சியம் களியில் ஏறி, சோடியத்தைப் பெயர்க்கும். பெயர்ந்த சோடியம் சல்பேற்றாகி நீருடன் வடியும். ஐக்கிய அமெரிக்காவில் ஹில்கார்டு என்னும் மண்ணியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இம்முறையை எடுத்துரைத்தார். மறுபுறம், சபரகமுவையின் அமில வயலில் ஜிப்சம் இட்டால் பீ.எச். உயராது, இரும்பு நஞ்சும் நீங்காது. ஒவ்வொரு மருந்தும் தன் நோய்க்கே உரியது.

அளவைக் கணிக்கும் முறை எளிது. 100 கிராம் மண்ணிலிருந்து 1 மில்லிச்சமானம் சோடியத்தைப் பெயர்க்க, 15 சதமமீற்றர் ஆழத்துக்கு, ஏக்கருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம் தூய ஜிப்சம் வேண்டும். உதாரணமாக, மாற்றுக் கொள்ளளவு 30 மில்லிச்சமானம் உள்ள களியில் சோடியம் 20 சதவீதமாயின், அதன் அளவு 6 மில்லிச்சமானம். அதனை 10 சதவீதமாகக் குறைக்க 3 மில்லிச்சமானம் நீங்க வேண்டும். ஆகவே ஏக்கருக்கு 2,100 கிலோகிராம் தேவை. வாங்கும் ஜிப்சத்தின் தூய்மை 70 சதவீதமாயின் 3,000 கிலோகிராம் வேண்டப்படும். தூய்மையைக் கேட்டறியாது வாங்குவோர் மண்ணையும் விலைகொடுத்து வாங்குகின்றனர்.

ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 2.5 கிராம் ஜிப்சமே கரையும். ஆதலால் ஒரு மழையில் வேலை முடியாது. நன்கு பொடித்த ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேலுள்ள 10 சதமமீற்றரில் மட்டும் கலத்தல் வேண்டும். ஆழப் புதைத்தால் அது பரவலாகிப் பயன் குன்றும். பின்னர் நீர் தேக்கி, ஒரு வாரமேனும் நிறுத்தி, வடிகால் வழியே வெளியேற்றுதல் வேண்டும். வடிகால் இல்லையேல் பெயர்ந்த சோடியம் அங்கேயே தங்கி, மீண்டும் களியைப் பற்றும். ஆகவே ஜிப்சம் வாங்குவதற்கு முன் வடிகால் வெட்டுக.

முழு அளவையும் வாங்கப் பொருள் போதாதவர், நிலம் முழுவதும் சிறிது சிறிதாகத் தூவுவதைவிட, ஒரு பகுதி நிலத்துக்கு முழு அளவையும் இட்டுத் திருத்தி, அதன் விளைவைக்கொண்டு அடுத்த பகுதியைத் திருத்துதல் நன்று.

நெற்செய்கை

திருந்தத் தொடங்கிய நிலத்தில் முதற்பயிர் நெல்லே. வயலில் நீர் நிற்பதால் பீ.எச். தணிகிறது, உப்பு கீழிறங்குகிறது, நெல்வேர் காற்றின்மையைத் தாங்குகிறது.

அறுவடை முடிந்தவுடன், மண் முற்றாகக் காயுமுன், மேலோட்டமாக ஓர் உழவு செய்தல் வேண்டும். அதனால் மேல்மண் பொடியாகி வெடிப்புகளை மூடும். இது செய்யாத வயலில், அடுத்த போகத்தின் முதல் நீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு ஓடிவிடும். மடையில் வந்த நீர் வயலை நனைப்பதில்லை. சேற்றுழவுக்குப் பின் வயலை மீண்டும் வெடிக்கும் அளவுக்குக் காயவிடுதலும் கூடாது.

நாற்று 30 முதல் 35 நாள் முதிர்ந்ததாக இருத்தல் நன்று. குத்துக்கு மூன்று அல்லது நான்கு நாற்று நட்டால், சில மடிந்தாலும் வயல் வெறுமையாகாது. நேரடி விதைப்பு, நிலம் திருந்தும்வரை உகந்ததன்று; இறுகிய மேலோட்டில் முளை சிக்கி மடியும்.

இனத்தேர்வும் முக்கியம். அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அற் 354, கேரளத்து உவர்நிலங்களின் பொக்காளி நெல்லைப் பெற்றோர்களுள் ஒன்றாகக் கொண்டது, உவரைத் தாங்கவல்லது. தமிழ்நாட்டில் சோடிய மண்ணுக்கென திருச்சிராப்பள்ளியில் உருவாக்கிய நெல் இனங்கள் அவ்வூரின் பெயரால் டி.ஆர்.வை. என்ற எழுத்துகளைத் தாங்கியுள்ளன. சபரகமுவையின் இரும்பு நஞ்சு வயல்களுக்கோ பொம்புவலை நிலையத்தின் பி.டபிள்யூ. இனங்களில் 267-3, 272-6பி போன்றவை ஏற்றவை. ஒரு நோய்க்கு எடுத்த இனத்தை மற்றதற்கு நம்புதல் ஆகாது.

காரமண்ணில் யூரியாவின் நைதரசன் அமோனியாவாகிக் காற்றிற் கலந்து வீணாகும். எனவே யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும். அமோனியம் சல்பேற்று கிடைக்குமாயின் அது ஏற்றது. மண்ணின் காரத்தைச் சிறிது தணிக்கும். துத்தநாகக் குறையும் இம்மண்ணில் பொதுவானது. நட்ட சில வாரங்களில் இலை நடுநரம்பு வெளிறி, துருப்புள்ளி தோன்றி, பயிர் குன்றினால் துத்தநாகக் குறையென ஐயுறுக. கர்னால் முறையில் முதற்போகங்களில் எக்டயருக்கு 25 கிலோகிராம் துத்தநாக சல்பேற்று பரிந்துரைக்கப்படுகிறது.

நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, 45 முதல் 50 நாளில், பூக்குந் தறுவாயில் மடக்கி உழுதல் மிகச் சிறந்தது. அது நைதரசன் தருவதோடு, அழுகும்போது காபனீரொட்சைட்டு விட்டுக் கல்சியத்தையும் கரைக்கும்.

மரக்கறிச் செய்கை

சோடியக் களியில் மரக்கறியை முதலாண்டிலேயே தொடங்குதல் கூடாது. இரண்டு மூன்று போகம் நெல் செய்து, குவளைச் சோதனையில் நீர் தெளிவாக நின்ற பின்னரே தொடங்குதல் வேண்டும்.

சோடியத்தைத் தாங்கும் ஆற்றல் பயிருக்குப் பயிர் வேறு. போஞ்சி மிக எளிதிற் கெடும். தோடை, வெண்ணெய்ப்பழம் முதலிய மரங்கள் அதைவிட மென்மையானவை. தக்காளியும் பீற்றூட்டும் ஓரளவு தாங்கும். ஆகவே தோட்ட லயங்களின் அருகே நன்றாக விளையும் போஞ்சியைக் கருங்களிக்குக் கொண்டுசென்று முதற்பயிராக்குதல் தவறு.

களிமண்ணில் மேட்டுப்பாத்தி இன்றியமையாதது. ஐதராபாத்துக்கு அருகே 1972இல் தோன்றிய இக்ரிசாற் நிலையம் கருமண்ணுக்கென வகுத்த முறையில், ஒரு மீற்றர் அகலப் பாத்தியும் அரை மீற்றர் அகலச் சாலும் மாறிமாறி அமையும். மழை மிகுந்தால் நீர் சாலில் ஓடும். மழை குறைந்தால் பாத்தியில் ஈரம் நிற்கும். பாத்திகளை ஆண்டுதோறும் கலைக்காது நிலையாக வைத்து, மனிதரும் இயந்திரமும் சாலில் மட்டும் நடத்தல் வேண்டும். வைக்கோல், கிளிரிசிடியா இலை முதலியவற்றால் மூடாக்கு இட்டால் வெடிப்பு குறையும், வேர் அறுபடாது.

இம்மண்ணை உழத்தகும் நாட்கள் மிகச் சில. அதிக ஈரத்தில் உழுதாற் பசையாகும். அதிகம் காய்ந்தபின் உழுதால் பாறைபோன்ற கட்டியாகும். கையில் எடுத்து உருட்டிய மண் கயிறாக நீளாமல் உதிர்ந்தால் அதுவே உழவுக்குத் தக்க பதம்.

புல்லாகவே பேணும் நிலம்

எல்லாப் புல்வெளியையும் வயலாக்க வேண்டுமென்பதில்லை. கீழ்மண் மிகக் கெட்டதாயும், நீரும் வடிகாலும் இல்லாததாயும் இருந்தால், அதனை மேய்ச்சல் நிலமாகப் பேணுவதே இலாபம். ஈரமான காலத்தில் மாடுகளை விடலாகாது. குளம்பு மிதித்த ஈரக்களியில் துளைகள் அடைபட்டு, புல் அழிந்து, வெறுந்தரை பரவும். கோடையில் தீவைத்தலும் கூடாது. மண்ணை மூடியிருக்கும் உக்கல் அதனால் அழியும். வெறுந்தரைத் திட்டுகளுக்கு ஜிப்சமும் சாணியும் இட்டு, அறுகு, எருமைப்புல், ரோட்சுப்புல் ஆகியவற்றை ஊன்றினால் நிலம் மீளும். மிகக் கடுமையான சோடிய நிலத்திலும் வளரும் கர்னால் புல்லை இந்தியாவில் திருத்தத்தின் முதற்படியாகவே வளர்க்கின்றனர்.

இக்களியைக்கொண்டு வரம்பும் குளக்கட்டும் கட்டுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். சோடியக் களியாலான கட்டில், சிறு வெடிப்பு வழியே கசியும் நீர் களியைக் கரைத்து வளைபோல் துளைத்து, கட்டை உள்ளிருந்தே உடைக்கும். குவளைச் சோதனையிற் கலங்கிய மண்ணைக் குளக்கட்டுக்கு இடலாகாது.

பாசன நீர்

திருத்திய நிலம் மீண்டும் கெடுவது பெரும்பாலும் நீராலேயே. சோடியம் பைகாபனேற்று மிகுந்த கிணற்று நீர், ஜிப்சம் கொடுத்த கல்சியத்தை மீண்டும் கரையாச் சுண்ணாம்பாக்கி, அதன் இடத்திற் சோடியத்தை ஏற்றும். இத்தகைய நீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், குடிப்பதற்கும் உவர்ப்பாயிராது. அதனாற் பலர் அதனை நல்ல நீரென எண்ணி இறைக்கின்றனர். ஆகவே கிணறு தோண்டியவுடன் மண்ணோடு நீரையும் ஆய்வுக்கு அனுப்புக. அத்தகைய கிணற்று நீரையே நம்பவேண்டிய நிலை நேர்ந்தால், அதனைக் குளநீருடன் மாறிமாறிப் பாய்ச்சி, பெரும்போகத்து மழைநீரை வரம்பினுள் தேக்கி நிலத்தைக் கழுவுதல் வேண்டும்.

மண்ணெடுக்க உகந்த காலம் சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக மழை தொடங்குவதற்கு முன்னுள்ள நாட்களாகும். அப்போது எடுத்தால் விடை கிடைத்து, வடிகால் வெட்டி, ஜிப்சம் கலந்து, முதல் மழையைப் பயன்படுத்த நேரமிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில், அதே ஆழங்களில் மண் எடுத்து, விடைகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்து வருபவருக்கே தமது நிலம் திருந்துகிறதா, கெடுகிறதா என்பது விளைச்சல் குறையுமுன் தெரியவரும்.